மழுங்கிய பஞ்சை எப்போது தீட்டுவது?

தகட்டிலோ தோலிலோ காகிதத்திலோ துளை போடும் கருவியான பஞ்ச் எதுவானாலும் ஒருநாள் மழுங்கும். அதைத் தீட்டிப் பயன்படுத்தலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்போது தீட்டுவது, எந்தப் பக்கத்தில் தீட்டுவது, எதுவரை தீட்டிவிட்டுத் தூக்கி எறிவது என்ற மூன்று கேள்விகளில்தான் பட்டறைக்குப் பட்டறை பதில் மாறுகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. ஆனால் ஒரு பொருளில், ஒரு எஃகில், ஒரு வகை இயந்திரத்தில் கிடைத்த அனுபவத்தை எல்லாவற்றுக்கும் விதியாக்கிவிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது.

கேள்வி பழையது. மான்செஸ்டரைச் சேர்ந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், கான்வே குழாய்ப் பாலத்துக்கான இரும்புத் தகடுகளில் ரிவெட் துளை போட 1847-இல் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். நெசவுத் தறியின் ஜக்கார்டு அட்டை முறையை எடுத்து, எந்தப் பஞ்ச் எப்போது இறங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தினார். வரிசையாகப் பல பஞ்சுகள் ஓயாமல் இறங்கும் வேலை வந்த பிறகு, மழுங்கல் தனி ஒரு கொல்லரின் கவலையாக இருக்கவில்லை. உற்பத்திக் கணக்கில் ஏறிவிட்டது.

அதே காலத்தின் இன்னொரு சான்று அஞ்சல் தலைகளில் கிடைக்கிறது. 1854 முதல் பிரிட்டனில் துளையிட்ட ஓரம் கொண்ட அஞ்சல் தலைகள் வெளிவந்தன. இலங்கைக்காக லண்டனின் பெர்க்கின்ஸ் பேக்கன் அச்சகம் தயாரித்த 1861-ஆம் ஆண்டுத் தலைகளைச் சேகரிப்பாளர்கள் துளையின் தரத்தை வைத்தே பிரிக்கிறார்கள்: சுத்தமாக வெட்டப்பட்டவை, இடைநிலை, கரடுமுரடானவை. துளைக்கும் ஊசிகள் தேய்ந்துகொண்டே போனதன் சுவடு இது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இன்று ஏலத்தில் விலையை மாற்றும் அந்தக் கரடுமுரடு, அன்று யாரோ தீட்டாமல் தள்ளிப்போட்ட வேலையாக இருந்திருக்கலாம்.

எது மழுங்குகிறது?

தீட்டுவது பற்றிய பெரும்பாலான வாதங்கள், பஞ்ச் கத்தியைப் போல வெட்டுகிறது என்ற எண்ணத்திலிருந்து தொடங்குகின்றன. தோல் துளைப்பானுக்கு அது பொருந்தும். தகட்டுக்குப் பொருந்தாது.

தகட்டில் இறங்கும் பஞ்ச் முதலில் மேற்பரப்பை உள்ளே இழுத்து வளைக்கிறது. பிறகு தகட்டுக்குள் ஓரளவு, சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆழம், வெட்டிக்கொண்டு போகிறது. அதற்குப் பின் பஞ்சின் விளிம்பிலிருந்து ஒரு விரிசலும் கீழே தகட்டைத் தாங்கும், துளையுள்ள டையின் விளிம்பிலிருந்து ஒரு விரிசலும் கிளம்பி ஒன்றையொன்று சந்திக்கின்றன. மீதி ஆழம் வெட்டுப்படுவதில்லை, உடைகிறது. துளையின் உட்சுவரைப் பார்த்தால் இது தெரியும்: மேலே உருண்ட ஓரம், அடுத்து பளபளக்கும் பட்டை, அதற்குக் கீழே மங்கிய சொரசொரப்பு, கடைசியில் பிசிறு.

இந்த விரிசல்கள் கூர்மையான விளிம்பில்தான் ஒழுங்காகத் தொடங்கும். விளிம்பு உருண்டுவிட்டால் அந்தப் பக்கத்து விரிசல் தாமதமாகிறது, அல்லது விளிம்பை விட்டுச் சற்று விலகிப் பக்கச் சுவரை ஒட்டித் தொடங்குகிறது. இடையில் சிக்கிய உலோகம் இழுபட்டுப் பிசிறாக நிற்கிறது. டூல் ரூம்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஒரு குறி இதிலிருந்து வருகிறது: பஞ்ச் மழுங்கினால் பிசிறு துளையிலிருந்து பிரிந்து கீழே விழும் வில்லையில் இருக்கும்; டை மழுங்கினால் பிசிறு தகட்டுத் துளையின் அடிப்பக்கத்தில் இருக்கும்.

இதன் விளைவைப் பலரும் கவனிப்பதில்லை. துளை போடும் வேலையில் வில்லை குப்பைக்குப் போகிறது. கையில் இருப்பது தகடு. தகட்டின் அடியில் பிசிறைப் பார்த்தவுடன் பஞ்சைக் கழற்றிச் சாணைக்கு எடுத்துப் போகிறார்கள். குற்றவாளி டையாக இருக்கும்போது தண்டனை பஞ்சுக்குக் கிடைக்கிறது. நன்றாக இருந்த பஞ்ச் குட்டையாகிறது, பிசிறு அப்படியே இருக்கிறது.

இந்தக் குறிக்கும் எல்லை உண்டு. பஞ்சுக்கும் டைக்கும் இடையிலான இடைவெளி பொருந்தாமல் இருந்தாலும் பிசிறு வரும். பஞ்ச் மையம் விலகி இருந்தால் வட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் பிசிறு வரும். அதைச் சாணையால் சரிசெய்ய முடியாது. எவர்சில்வர் தகட்டில் பஞ்சின் பக்கச் சுவரில் உலோகத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துளையைக் கீறுவது இன்னொரு நோய். முகத்தை எவ்வளவு தீட்டினாலும் பக்கச் சுவரில் ஒட்டியது போகாது. மெல்லிய எண்ணெய்க் கல்லால் பஞ்சின் நீளவாக்கில் தேய்த்து அகற்ற வேண்டும், மசகு எண்ணெயை மாற்ற வேண்டும். ஆக, மழுங்கல் என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் சாணைக்கு வந்து சேர்கின்றன.

பஞ்சையே தவிர்க்கச் சொன்னவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொதிகலன், கப்பல், பாலப் பொறியாளர்களில் ஒரு சாரார் வேறு பதில் சொன்னார்கள். பஞ்ச் போட்ட துளையைச் சுற்றியுள்ள உலோகம் இறுகி, நுண்ணிய விரிசல்கள் விழுந்து பலவீனமாகிறது. பஞ்ச் மழுங்க மழுங்க அந்தச் சேதம் கூடுகிறது. ஆகவே முக்கியமான இணைப்புகளுக்குத் துரப்பணம்தான் வழி, அல்லது சிறியதாகப் பஞ்ச் போட்டுப் பிறகு ரீமர் கொண்டு பெரிதாக்க வேண்டும் என்றார்கள். 1890-இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தில் எஃகுத் தகடுகளின் துளைகள் பஞ்சால் போடப்படாமல் துரப்பணத்தால் போடப்பட்டதற்கு இந்த அச்சம் ஒரு காரணம்.

இந்த நிலைப்பாடு கட்டமைப்பு எஃகில் இன்றும் முற்றிலும் மறையவில்லை. தடித்த தகட்டில் பஞ்ச் போடுவதற்குப் பல நாடுகளின் விதிகள் தடிமன் வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் மெல்லிய தகட்டு வேலைக்கு இது பதிலாகாது. ஒரு பீரோ அல்லது மின்பெட்டித் தகட்டில் நூற்றுக்கணக்கான துளைகளைத் துரப்பணத்தால் போடச் சொன்னால் பட்டறை மூடிவிடும். இந்தப் பழைய விவாதம் நமக்கு விட்டுச்சென்றது ஒரு முக்கியமான எச்சரிக்கை: மழுங்கிய பஞ்ச் அசிங்கமான துளையை மட்டும் போடுவதில்லை, துளையைச் சுற்றியுள்ள பொருளையும் கெடுக்கிறது.

எப்போது: மூன்று அணிகள்

முதல் அணி, ஓடும்வரை ஓடட்டும் என்பது. துளை விழாமல் நிற்கும்போதோ, இயந்திரம் வேறு சத்தம் போடும்போதோ, வாங்குபவர் திருப்பி அனுப்பும்போதோ கழற்றுவார்கள். சிறு பட்டறைகளில் இதுவே நடைமுறை. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. பஞ்சைக் கழற்றி, தீட்டி, மீண்டும் மையம் பார்த்துப் பொருத்த அரை நாள் பிடிக்கும் இடத்தில், அந்த அரை நாளின் கூலி பஞ்சின் விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. நன்றாக உருண்டுவிட்ட விளிம்பைச் சரிசெய்ய நிறைய உலோகத்தை நீக்க வேண்டும். இடையில் விசை கூடிப் பஞ்ச் சிதறினால், டையையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

விசையை ஒரு கணக்கால் பார்க்கலாம். துளையின் சுற்றளவு, தகட்டின் தடிமன், பொருளின் வெட்டு வலிமை மூன்றையும் பெருக்கினால் தேவையான விசை கிடைக்கும். 2 மி.மீ. எம்.எஸ். தகட்டில் 10 மி.மீ. துளைக்கு, வெட்டு வலிமையை 350 மெகா பாஸ்கல் என்று கொண்டால், சுமார் 22 கிலோ நியூட்டன் வருகிறது. ஏறத்தாழ இரண்டேகால் டன் எடை. இது கூர்மையான பஞ்சுக்கு. மழுங்கிய பஞ்ச் இதற்கு மேல் கேட்கும். எவ்வளவு மேல் என்பது விளிம்பின் உருட்சியையும் இடைவெளியையும் பொறுத்தது.

இரண்டாம் அணி எண்ணிக்கையை நம்புகிறது: இத்தனை ஆயிரம் அடிக்கு ஒருமுறை தீட்டு. பெரிய பிரஸ் ஷாப்புகளின் திட்டமிடலுக்கு இது வசதி. ஆனால் அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பழைய வேலை ஒன்றையே காட்டுவார்கள். அலுமினியத்தில் கிடைத்த எண்ணிக்கை எவர்சில்வரில் அர்த்தமற்றது. ஒரே பெயரில் வரும் தகடுகூட ஒவ்வொரு சுருளிலும் கடினத்தில் வேறுபடும்.

மூன்றாம் அணி விளிம்பை அளக்கச் சொல்கிறது. டரட் பஞ்ச் இயந்திரங்களுக்குக் கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் பரவலாகச் சொல்வது, விளிம்பின் உருட்சி ஆரம் 0.25 மி.மீ.-ஐ எட்டியவுடன் தீட்டிவிடு என்பது. தகட்டில் பிசிறின் உயரம் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இதற்கு இணையான இன்னொரு நடைமுறை வரம்பு. சிறிது சிறிதாக, அடிக்கடி தீட்டினால் பஞ்சின் மொத்த ஆயுள் கூடும் என்பது இந்த அணியின் மையக் கருத்து.

இதன் தர்க்கம் எளிது. தீட்டக்கூடிய நீளம் 6 மி.மீ. உள்ள ஒரு பஞ்சை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ. நீக்கினால் 60 முறை தீட்டலாம். முற்றவிட்டு ஒவ்வொரு முறையும் 0.4 மி.மீ. நீக்கினால் 15 முறைதான். தாமதித்தவர் லாபம் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு தீட்டலுக்கும் இடையே அவருக்கு நான்கு மடங்கு துளைகள் கிடைத்திருக்க வேண்டும். தேய்மானம் முற்றிய நிலையில் வேகம் பிடிப்பதால் அது நடப்பதில்லை என்கிறார்கள்.

வாதம் வலுவானதுதான். ஆனால் அதை அப்படியே நீட்டி, முடிந்தவரை சீக்கிரம் தீட்டுவதே நல்லது என்று முடிவுக்கு வருபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தேய்மானம் மூன்று கட்டங்களாக நடக்கிறது. புதிதாகத் தீட்டிய விளிம்பு முதலில் வேகமாகத் தேயும். பிறகு நீண்ட நேரம் மெதுவாகத் தேயும். கடைசியில் மீண்டும் வேகம் பிடிக்கும். ஒவ்வொரு தீட்டலும் பஞ்சை அந்த வேகமான முதல் கட்டத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஆகவே சரியான நேரம் என்பது ஆரம்பத்தில் இல்லை, நடுக்கட்டத்தின் முடிவில் இருக்கிறது. அந்த முடிவு எங்கே என்பதை 0.25 மி.மீ. என்ற ஒற்றை எண் எல்லாத் தடிமனுக்கும் சொல்லிவிடுமா? 0.5 மி.மீ. தகட்டில் அந்த உருட்சி தடிமனில் பாதி, 6 மி.மீ. தகட்டில் அது பொருட்டே இல்லை. இந்த எண்ணைப் பரிந்துரைப்பவர்களில் பலர் தீட்டும் இயந்திரங்களையும் விற்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது. அதனால் மட்டும் அது தவறாகிவிடாது; ஒரு தொடக்கப் புள்ளியாக அது நல்ல எண்.

இடைவெளி பற்றிய மனமாற்றம்

எத்தனை முறை தீட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சாணைக்கு முன்பே தீர்மானிப்பது பஞ்சுக்கும் டைக்கும் இடையிலான கிளியரன்ஸ். பழைய கையேடுகள் ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 5 சதவீதம் என்ற அளவையே பொது விதியாகச் சொல்லிவந்தன. இடைவெளி குறைந்தால் துளைச் சுவரில் பளபளப்புப் பட்டை அகலமாக வரும், பார்வைக்குச் சுத்தமாக இருக்கும்.

பின்னாளில் கருத்து மாறியது. இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் இரு விரிசல்களும் ஒன்றையொன்று சந்திக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. உலோகம் இரண்டாம் முறை வெட்டுப்பட வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமானது திரும்பும் பயணம். இறுக்கமான இடைவெளியில் போட்ட துளை, பஞ்ச் மேலே ஏறும்போது அதை இறுகப் பிடிக்கிறது. ஒவ்வோர் அடியிலும் பஞ்சின் பக்கச் சுவர் இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை உரசப்படுகிறது. இடைவெளியைக் கூட்டினால் துளை பஞ்சைவிட இம்மியளவு பெரிதாக விழுந்து பிடி தளர்கிறது. அதனால் இன்று எம்.எஸ். தகட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து மொத்தமாக 20 சதவீதம் அளவிலும், எவர்சில்வருக்கு அதற்கு மேலும் பரிந்துரைப்பது வழக்கமாகிவிட்டது.

இதற்கும் விலை உண்டு. துளையின் மேல் ஓரம் கூடுதலாக உருளும். சுவர் சாய்வாகும், ஊசி பொருந்த வேண்டிய நுட்பமான துளைகளுக்கு அது உதவாது. வில்லை டைக்குள் பிடிபடாமல் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து தகட்டில் விழுந்து அடுத்த அடியில் தழும்பு போடும். ஆகவே பஞ்சின் ஆயுளும் துளையின் தரமும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. எது முக்கியம் என்பதை வேலைதான் சொல்ல வேண்டும். அடிக்கடி மழுங்குகிறது என்று புகார் வரும் பஞ்சுக்கு முதலில் பார்க்க வேண்டியது இடைவெளியை என்பதில் இப்போது பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

சாணையின் சூடு

எப்படித் தீட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு, நடைமுறை வேறுபாடு அதிகம். சர்ஃபேஸ் கிரைண்டரில், கூலன்ட் நிறையப் பாய்ச்சி, ஒரு பாஸுக்கு நூறில் ஒன்றிரண்டு பங்கு மில்லிமீட்டர் மட்டும் எடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. மேசைச் சாணையில் கையால் பிடித்து, சூடேறினால் தண்ணீரில் முக்கித் தீட்டுவது பட்டறையில் நடக்கிறது.

இரண்டுக்கும் இடையில் நிற்பது எஃகின் பதம். நம் டூல் ரூம்களில் அதிகம் புழங்கும் ஓ.ஹெச்.என்.எஸ். எஃகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் பதம் பார்க்கப்பட்டது. அந்தச் சூட்டைத் தாண்டினால் கடினம் இறங்கத் தொடங்கும். ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். என்று அழைக்கப்படும் அதிக குரோமிய எஃகைச் சிலர் 200 டிகிரிப் பக்கத்திலும் சிலர் 500 டிகிரிப் பக்கத்திலும் பதம் பார்க்கிறார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சாணைச் சூட்டை ஒன்று தாங்கும், மற்றொன்று தாங்காது. ஹைஸ்பீட் எஃகு 550 டிகிரி அளவில் பதம் பெற்றதால் சற்று மன்னிக்கும்.

சாணையில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் தெரிந்தால் சூடு 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீலம் தெரிந்தால் 300-ஐ ஒட்டிவிட்டது. அடுத்த பாஸில் அந்த நிறம் போய்விடும். சூடு பட்ட அடுக்கு உள்ளேயே இருக்கும். சூடு இன்னும் மிஞ்சி, கூலன்ட் திடீரென்று குளிர்வித்தால், மேலே நொறுங்கும் ஓர் இறுகிய தோலும் அதன் கீழே மென்மையான ஓர் அடுக்கும் உருவாகின்றன. அந்தத் தோலில்தான் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் பிறக்கின்றன. தீட்டிய மறுநாளே விளிம்பு உதிர்கிறது என்று எஃகைக் குறைசொல்லும் பல சமயங்களில் குறை சாணையில் இருந்திருக்கக்கூடும்.

கல்லின் தேர்வும் இதில் சேரும். கடினமான எஃகுக்கு மென்மையான பிணைப்புள்ள வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் ஏற்றது. தேய்ந்த துகள்களை அது தானாகவே உதிர்த்துப் புதிய துகளை வெளிக்கொணரும். வைரக் கல் கார்பைடுக்கு உரியது. எஃகில் சூடேறும்போது வைரம் இரும்போடு வினைபுரிந்து வீணாகும். கல்லை அடிக்கடி டிரஸ் செய்யாமல், அடைத்துப்போன கல்லால் அழுத்தி உரசுவதுதான் சூட்டுக்கு முதல் காரணம்.

தீட்டி முடித்ததும் விளிம்பைச் சிறிது மழுக்க வேண்டுமா என்பதில் ஒரு சுவையான விவாதம் இருக்கிறது. சாணையிலிருந்து வரும் விளிம்பில் மெல்லிய பிசிறு இருக்கும். அதை அப்படியே விட்டால் முதல் சில அடிகளில் உடைந்து, விளிம்பையும் சேர்த்துப் பெயர்க்கும். நுண்ணிய எண்ணெய்க் கல்லால் லேசாக ஓரிரு முறை தடவி, நூறில் சில பங்கு மில்லிமீட்டர் உருட்சி கொடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள் கருவி தயாரிப்பாளர்கள். தேய்மானத்தின் வேகமான முதல் கட்டத்தைக் கையாலேயே பாதுகாப்பாகக் கடந்துவிடும் முயற்சி இது. பழைய கைவினைஞர்கள் பலருக்கு இதில் உடன்பாடில்லை. கூர்மையாக்கியதை மீண்டும் கெடுப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. தடித்த, கடினமான தகட்டுக்கு முதல் தரப்பின் வாதம் பொருந்துகிறது. மெல்லிய படலங்களுக்கு இரண்டாம் தரப்பே சரி என்று தோன்றுகிறது.

தீட்டிய பின் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் சில உண்டு. குட்டையான பஞ்சுக்கும் டைக்கும் ஷிம் வைத்து உயரத்தை ஈடுகட்ட வேண்டும். காந்த மேசையில் வைத்துத் தீட்டியதால் ஏறிய காந்தத்தை இறக்க வேண்டும். இல்லையென்றால் வில்லையும் துகளும் பஞ்சில் ஒட்டும். டையில் நேர்ச்சுவர் உள்ள பகுதி சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே துளை விரிந்துகொண்டு போகும். நேர்ச்சுவர் முழுவதையும் தீட்டித் தீர்த்துவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு தீட்டலிலும் இடைவெளி தானாகவே கூடும்.

தோல் துளைப்பான்: உள்ளேயா, வெளியேயா?

தோலுக்கான துளைப்பான் ஒரு குழல். இங்கே டை கிடையாது. கீழே இருக்கும் கட்டைதான் தாங்கல். ஆகவே இது உண்மையிலேயே கத்தியின் வேலை, தீட்டுவதும் கத்திக்குரிய முறையில்தான்.

சரிவு குழலின் உட்புறம் இருக்க வேண்டுமா வெளிப்புறமா என்பது பழைய சர்ச்சை. உட்சரிவு இருந்தால் வெளிச்சுவர் நேராக இருக்கும், துளையின் அளவு துல்லியமாக வரும். வெளிச்சரிவு இருந்தால் உட்சுவர் நேராக இருப்பதால் வில்லைதான் துல்லியமாக வரும், துளையின் ஓரம் சற்று விரிந்து அமுங்கும். கோட்பாட்டின்படி, துளை வேண்டுபவர்கள் உட்சரிவைத் தேர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு, கடையில் கிடைக்கும் தோல் துளைப்பான்களில் பெரும்பாலானவை வெளிச்சரிவு கொண்டவை. வெளிச்சரிவைத் தட்டையான கல்லில் உருட்டித் தீட்டலாம்; 3 மி.மீ. குழலின் உட்சரிவைத் தீட்ட நடைமுறையில் வழியில்லை. வில்லை உள்ளே இறுகாமல் மேலே ஏறி வெளியேறுவதும் வெளிச்சரிவில்தான் எளிது. தீட்டும் வசதியே கருவியின் வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது என்று சொல்லலாம்.

வில்லை எளிதாக ஏற, குழலின் உள்விட்டம் மேலே போகப் போகச் சற்று விரியும். இதனால் தீட்டத் தீட்டத் துளை பெரிதாகும். ஒரு பக்கத்துக்கு 1 டிகிரி விரிவு உள்ள குழலை 5 மி.மீ. குட்டையாக்கினால் விட்டம் சுமார் 0.17 மி.மீ. கூடும். பெல்ட் துளைக்கு இது ஒன்றுமில்லை. ரிவெட் இறுகப் பொருந்த வேண்டிய இடத்தில் இது உணரப்படும்.

கையால் கல்லில் உருட்டுபவர்கள் ஒரு பக்கம், டிரில் இயந்திரத்தில் துளைப்பானைப் பூட்டிச் சுழலவிட்டுக் கல்லை வைப்பவர்கள் இன்னொரு பக்கம். கையால் உருட்டினால் சரிவில் பட்டைகள் விழும், விளிம்பு அலையலையாகும். சுழற்றினால் சரிவு சீராக வரும், ஆனால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். மெதுவான சுழற்சி, எண்ணெயிட்ட மென்கல், இடையிடையே நிறுத்தி ஆறவிடுதல் என்றால் இரண்டாவது முறைக்கே என் வாக்கு. எப்படித் தீட்டினாலும் உட்பக்கம் மெல்லிய பிசிறு மடியும். கூம்பாகச் சீவிய மரக்குச்சியில் நுண் உரசுத்தாளைச் சுற்றி உள்ளே மெல்லத் திருப்பி அதை எடுத்துவிட்டு, குரோமியம் ஆக்சைடு பூசிய தோல் பட்டையில் வெளிச்சரிவை இழுத்து முடிக்க வேண்டும். உட்புறம் அதிகம் உரசினால் அங்கே இரண்டாவது சரிவு உருவாகி வில்லை சிக்கும்.

இத்தனையும் கட்டையைப் பொறுத்தது. கல்லின் மேலோ இரும்பின் மேலோ தோலை வைத்து அடித்தால், நாள் முழுக்கத் தீட்டியது ஒரே அடியில் போகும். நார் மேல்நோக்கி நிற்கும் மரக்கட்டையோ பிளாஸ்டிக் பலகையோ வேண்டும். சுழல் இடுக்கி வகைத் துளைப்பான்களில் குழல் இறங்கும் இடத்தில் சிறு பித்தளைத் தாங்கல் இருக்கும். பல நாள் பயன்பாட்டில் அது பள்ளமாகிவிட்டால், குழல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தோலின் கடைசி இழைகள் அறுபடாமல் நிற்கும். பித்தளையை அரத்தால் சமமாக்குவதோ மாற்றுவதோதான் அதற்கு மருந்து. தகட்டு வேலையில் டைக்கு நேர்வது இங்கே தாங்கலுக்கு நேர்கிறது: பழி எப்போதும் மேலே இருப்பதன் மேல் விழுகிறது.

அலுவலகப் பஞ்சும் வீட்டு வைத்தியமும்

காகிதப் பஞ்சுக்கு 1886-இல் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் சோனெக்கன் காப்புரிமை பெற்றார். இன்று சர்வதேசத் தரப்படி இரு துளைகளுக்கும் இடையே 80 மி.மீ. தூரம். மழுங்கிய காகிதப் பஞ்சுக்கு எங்கும் சொல்லப்படும் வைத்தியம், அலுமினியத் தாளையோ உரசுத்தாளையோ மடித்து வைத்துச் சில முறை துளை போடு என்பது.

இதை ஆதரிக்க வலுவான காரணம் கிடைக்கவில்லை. அலுமினியம் எஃகைவிட மிகவும் மென்மையானது. ஒட்டியிருக்கும் பசையையும் காகிதத் தூசியையும் துடைத்து, சிறு பிசிறை நிமிர்த்தலாம், விளிம்பைப் புதிதாக உருவாக்க முடியாது. உரசுத்தாள் எஃகைத் தேய்க்கும்தான், ஆனால் மிகவும் தேய்ப்பது விளிம்பையே. உடனடியாகச் சற்று நன்றாக இருப்பதுபோலத் தோன்றி, பிறகு முன்னைவிட மோசமாகும். மெழுகுத் தாள் வைப்பது மசகு போடுவதற்குச் சமம், தீங்கில்லை. அலுவலகப் பஞ்ச் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அளவுக்கு மீறித் தாள் வைத்து ஊசி வளைவதும், மெல்லிய அடித்தகட்டின் துளை விரிவதும். அவற்றை எந்தத் தாளும் சரிசெய்யாது. கனரகப் பஞ்சுகளுக்கு மாற்று ஊசிகள் கிடைக்கின்றன. சாதாரணப் பஞ்சை மாற்றிவிடுவதே சிக்கனம்.

இன்னும் முடிவாகாதவை

தீட்டுவதா மாற்றுவதா என்ற கேள்வி கடந்த சில பத்தாண்டுகளில் புது வடிவம் எடுத்திருக்கிறது. டைட்டேனியம் நைட்ரைடு போன்ற பூச்சுகள் 1980-களுக்குப் பிறகு பரவின. முகத்தைத் தீட்டினால் அங்குள்ள பூச்சு போய்விடும் என்பதால் பூச்சுப் பஞ்சைத் தீட்டக் கூடாது என்று ஒரு தரப்பு சொல்கிறது. பூச்சின் முக்கியப் பயன் பக்கச் சுவரில் உரசலைக் குறைப்பது, அது தீட்டிய பிறகும் அப்படியே இருக்கிறது என்கிறது மறுதரப்பு. இரண்டாவது வாதமே எடுபடுகிறது. ஆனால் அது உரசலால் தேயும் வேலைகளுக்கு மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியது. மிக மெல்லிய பஞ்சுகளில், குறிப்பாகத் துளையின் விட்டம் தகட்டின் தடிமனை நெருங்கும் இடங்களில், தீட்டும் கூலிக்குப் புதியதே வாங்கிவிடலாம் என்பதில் சர்ச்சை குறைவு.

கருவி எஃகை மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் தீட்டும் இடைவெளி நீளும் என்ற கூற்று இன்னும் சர்ச்சைக்குரியது. பதம் பார்க்கும் முறை ஒவ்வோர் இடத்திலும் வேறுபடுவதால் ஒப்பிடுவதே கடினம். வாகனத் தொழிலில் புகுந்திருக்கும் உயர்வலிமைத் தகடுகளில் விளிம்பு மெல்ல உருளுவதைவிடத் திடீரென்று உதிர்வது அதிகம். உருட்சியை அளந்து நாள் குறிக்கும் பழைய விதி அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெளிவில்லை. இயந்திரத்தில் விசையைத் தொடர்ந்து அளந்து தீட்டும் நேரத்தைச் சொல்லும் முறைகள் வந்திருக்கின்றன. தகட்டின் கடினம் மாறுவதால் கூடிய விசையையும் பஞ்ச் மழுங்கியதால் கூடிய விசையையும் அவை பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

இவற்றில் பலவற்றுக்கு ஆய்வகத்தைவிடப் பட்டறையே நம்பகமான பதில் தர முடியும். ஓசூரிலும் அம்பத்தூரிலும் கோவையிலும் பிரஸ் நடத்துபவர்கள் ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எஃகின் பெயர், தகட்டின் வகை, தடிமன், இடைவெளி, அடி எண்ணிக்கை, நீக்கிய உயரம், பிசிறு வில்லையில் இருந்ததா தகட்டில் இருந்ததா என்ற ஏழு விவரங்களை எழுதிவைத்தால் போதும். ஒரு பஞ்சின் ஆயுள் முடிவதற்குள், அந்த வேலைக்கு எந்த அணி சொல்வது சரி என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.